முழங்கால் வைத்த ஒப்பாரி

செண்பகவடிவின் இடது முழங்கால் முதன்முதலாக வாய்விட்டு அழுதது டவுன் பஸ்ஸில் வைத்துத்தான். வெள்ளிக்கிழமை, கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற கூட்டம், நிற்க இடமில்லாத நெரிசல். அதற்குள் புகுந்து புகுந்து வாசலுக்கு வந்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மடக்கி வலது காலைப் படியில் இறக்கினாள். இறக்கியதும் அவள் சேலைக்கு உள்ளிருந்து ஒரு பெண் குரல் கிளம்பியது, தலையை விரித்துப் போட்டு மார்பில் அறைந்துகொண்டு அழுகிற குரல், இழுத்து இழுத்து, மூச்சு முட்டி நின்று, மறுபடியும் இழுத்து. பஸ்ஸில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டிரைவர் பாட்டை நிறுத்தினார். கண்டக்டர் இதைப் போல எத்தனையோ பார்த்தவர் என்பதால், "துட்டி வீட்டு ஆளு இறங்குது, வழி விடுங்கய்யா, பூக்கூடைய இந்தப் பக்கம் தள்ளி வையிங்கம்மா" என்று சொல்லி விசிலை மெதுவாக ஊதினார். பஸ் போன பிறகு, நிறுத்தத்திலிருந்து எங்கள் தெரு வரைக்கும், அவள் எட்டு வைக்க வைக்க முழங்கால் அழுதுகொண்டே வந்தது. வடிவு மட்டும் அழவில்லை.

எங்கள் தெருவில் அழுகைச் சத்தம் கேட்டால் செய்வதற்கு ஒரு முறை உண்டு. பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்துக்கொண்டு, சத்தம் வந்த வீட்டு வாசலில் நின்று "யாரு?" என்று கேட்பார்கள், யாரென்று தெரிந்ததும் உள்ளே போய் உட்கார்ந்து, தோளோடு தோள் கோர்த்து, தலையோடு தலை முட்டி அழத் தொடங்குவார்கள். பெயர் தெரியாமல் தொடங்க முடியாது. அப்பனுக்கு ஒரு பாட்டு, புருஷனுக்கு ஒரு பாட்டு, உடன்பிறந்தவனுக்கு ஒரு பாட்டு, பிள்ளைக்குப் பாட்டே கிடையாது, வெறும் அலறல்தான். ஆண்கள் வெளியே பெஞ்சைப் போட்டு உட்காருவார்கள். செத்தவருக்கு நெருங்கிய ஆண் வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டுவார், துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வருகிறவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கைகளைத் தொட்டுவிட்டுப் பேசாமல் போய் உட்காருவார்கள். இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை, எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கும் அப்படித்தான் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். முதல் ஆளாக அடுத்த வீட்டு ஆவுடையம்மாள், தெருவே மைனி என்று கூப்பிடுகிற ஆவுடையம்மாள், துட்டி வீடுகளில் அவள் குரல் எடுத்தால் செத்தவரே கொஞ்சம் தள்ளிப் படுத்து இடம் கொடுப்பார் என்று நாங்கள் கேலி பேசுவோம், வாசற்படியில் நின்று கேட்டாள்.

"யாருட்டி வடிவு? யாரு?"

தேங்காய் பழத் தட்டோடு நடுவீட்டில் நின்றிருந்த வடிவு, "யாருமில்ல மைனி. என் முட்டுதான்" என்றாள்.

"முட்டா?"

"மடக்கினா அழுவுது."

"எங்க, மடக்கு பாப்போம்."

வடிவு நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கினாள். முழங்கால் குரல் எடுத்தது. 'ஊதி வச்ச அடுப்பெரிய, உலை கொதிக்க, நான் மட்டும் ஆறிப்போன சோறானேன், ஆரெடுத்து உண்பாரோ' என்று அது இழுத்த இழுப்பில் வாசலில் நின்ற பூனை கூட உட்கார்ந்துவிட்டது. பெண்கள் நாடியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் மைனி, தொழில் தெரிந்தவள் பேசுகிற மாதிரி, "கொரலு நல்லாத்தான் இருக்கு, ராகமும் தப்பில்ல. ஆனா யாரச் சொல்லி அழுவுதுன்னுதான் பிடிபடல" என்றாள். வந்ததுதான் வந்தார்கள், காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். கொண்டையை அவிழ்த்தாயிற்றே, குளிக்க வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சச்சரவு கிளம்பி, கடைசியில் பூசாரி, சாவு இல்லாத அழுகைக்குத் தீட்டு இல்லை, காலைக் கழுவினால் போதும் என்று முடிவு சொன்னார்.

உண்மையில் வடிவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முழங்கால் அதற்குப் பின்னால் வந்தது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் காலமெல்லாம் நின்றும் குந்தியும் சமைத்து ஓய்வு பெற்றவள் அவள். ஒருநாள் காலை குழம்பு கொதிக்கும்போது உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு, போடலாமா வேண்டாமா என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே நின்றாள். அவள் புருஷன் சங்கரவேலு டீ குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது குழம்பு வற்றிச் சட்டி கரிந்திருந்தது, உப்பு வேர்வையில் கரைந்து முழங்கைக்கு ஓடியிருந்தது, அவள் அதே இடத்தில் நின்றாள். அதற்குப் பிறகு அவள் பெரும்பாலும் படுத்திருந்தாள். குளி என்றால் குளித்தாள், சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். திருப்பூரில் இருக்கிற மகள் பேத்தியின் படத்தை அனுப்பினால், யார் வீட்டுப் பிள்ளையையோ பார்ப்பது போலப் பார்த்து, நல்லாருக்கு என்றாள். பெற்ற தாய் செத்தபோது பெண்கள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

சங்கரவேலு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். தேய்ந்ததைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டால் வண்டி ஓடும் என்பது அவருடைய நம்பிக்கை, அதில் தப்பும் இல்லை. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரி மனநல டாக்டரம்மாவிடம் வடிவைக் கூட்டிக்கொண்டு போய் மாத்திரை வாங்கி வருவார். எங்கே போய் வருகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "மூட்டு தேய்மானத்துக்குப் போயிட்டு வாரோம், வேற ஒன்னுமில்ல" என்பார். மாத்திரை அட்டையில் இருக்கிற பெயரை எங்கள் ஊர் மருந்துக்கடைப் பையன் படித்துவிடக் கூடாது என்று திருநெல்வேலியிலேயே வாங்கிவிடுவார். முழங்கால் அழத் தொடங்கியதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி கூட இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இனிமேல் சொல்வதற்கு நிஜமாகவே ஒரு முட்டு இருந்தது, அதை ஊரே கேட்டது.

ஒரு மாதத்தில் எங்களுக்கு எல்லாம் பழகிவிட்டது. பரீட்சை நாட்களில் வடிவு மாடிப்படி ஏற மாட்டாள், பிள்ளைகள் படிக்க வேண்டுமே. கண்டக்டர்கள் அவளைப் பின்படியில் ஏற்றி அங்கேயே இருக்கை கொடுத்தார்கள். கல்யாண வீட்டுக்கு அவளைக் கூப்பிடாமல் இருக்க முடியாது, தெருவில் பாதிப் பேர் அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவர்கள். கூப்பிட்டாலும் பந்திக்கு எழுந்திருக்கும்போது அது அழுமே. அதற்கும் வழி கண்டோம். அவள் நாற்காலியின் கையைப் பிடித்ததும் யாராவது மேளக்காரரைப் பார்த்து விரலை ஆட்டுவார்கள், உடனே கெட்டிமேளம், அவள் பந்தியில் போய் உட்காருகிற வரைக்கும் கெட்டிமேளம். தாலி கட்டியாயிற்று என்று நினைத்து மொய்க்கவரோடு மேடைக்கு ஓடி ஏமாந்தவர்களும் உண்டு. துட்டி வீடுகளிலோ அவளுக்கு இருந்த மதிப்பே வேறு. தகவல் சொல்லி விடுவதற்கு முன்னால் வடிவுக்கு ஆட்டோ போகும். பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் போட்டு அவளை உட்கார வைத்தால் போதும், அவள் காலை மடக்குவாள், நீட்டுவாள், மடக்குவாள், நீட்டுவாள், முழங்கால் பார்த்துக்கொள்ளும். அது பெயர் சொல்லி அழாததால் எல்லாச் சாவுக்கும் பொருந்திற்று. புருஷனை இழந்தவள் அதில் புருஷனைக் கேட்டாள், பிள்ளையை இழந்தவள் பிள்ளையைக் கேட்டாள்.

வடிவு எதையும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் ரேஷன் கடை வரிசையில் நிற்பவள் முகம் மாதிரி இருந்தது.

முட்டு வலி மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. சங்கரவேலு அவளை மூட்டு டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், காலைப் பிடித்து மடக்கினார், அது அழுதது, தலையை ஆட்டிக்கொண்டு அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எலும்பும் எலும்பும் ஒரசுது. சத்தம் இருக்கத்தான் செய்யும். மாத்திரலாம்."

"மாத்திருங்க சார்," என்றார் சங்கரவேலு.

"மாத்தறது என் வேலை. அதுக்கப்புறம் மடக்கி நீட்டி நடக்கறது இவங்க வேலை. நல்லா வலிக்கும். வலிச்சாலும் நடக்கணும்னு ஆசை இருந்தாத்தான் நடப்பாங்க. ஆசை இல்லாதவங்களுக்குப் புது மூட்டும் இறுகிப் போயிரும், அப்புறம் இருந்த காலும் போச்சு." அவர் வடிவைப் பார்த்தார். "நடக்கணும்னு ஆசை இருக்காம்மா?"

வடிவு தனக்குள் தேடினாள். மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி, வைத்த ஞாபகம் இருக்கிறது, கைக்கு அகப்படவில்லை. டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மனநல டாக்டரம்மா அவசரப்படாதவர். "எங்க நடந்து போகணும்னு நினைக்கிறீங்க வடிவம்மா? ஏதாவது ஒரு எடம் சொல்லுங்க" என்றார். கோயில், மகள் வீடு, சந்தை என்று சங்கரவேலு அடுக்கினார். அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்.

"ஒரு எடமும் இல்லம்மா," என்றாள் வடிவு. "சாவணும்னும் தோணல, இருக்கணும்னும் தோணல. அவுக மாத்தணும்னு சொல்லுதாவ, சரிங்குதேன். தெருவுல வேண்டாங்காவ, அதுக்கும் சரிங்குதேன். என்னால ஒன்னு சொல்ல முடியல."

"சொல்ல முடியாம இருக்கறதும் நோய்தான். உங்க குத்தம் இல்ல. மாத்திரைய விடாம போடுங்க. உங்களுக்கா எப்ப ஒரு எடம் தோணுதோ அப்ப வாங்க, அப்ப முடிவு பண்ணலாம்."

தெருவில் வேண்டாம் என்றவர்கள் நாங்கள்தான். பெரிய ஆட்கள் சிலர் போய் நயமாகச் சொல்லிப் பார்த்தார்கள், கடவுள் கொடுத்த குரலைக் கத்தியால் அறுக்கலாமா என்று. மேலத்தெரு ராமையா இழுத்துக்கொண்டு கிடக்கிறார், அவர் காரியம் முடியட்டுமே, பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று கூட ஒருவர் சொன்னார். வடிவு எல்லாருக்கும் தலையாட்டினாள். அவள் கிழக்கே போகச் சொன்னாலும் தலையாட்டுவாள், மேற்கே போகச் சொன்னாலும் தலையாட்டுவாள், காலை மட்டும் எடுத்து வைக்க மாட்டாள்.

ராமையா பிழைத்துக்கொண்டார். ஆவுடை மைனியின் புருஷன் பிச்சையா செத்துப்போனார். காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு அப்படியே சாய்ந்துவிட்டார். அடுத்த வீடுதானே, ஆட்டோ கூட வேண்டியிருக்கவில்லை, நாற்காலியோடு வடிவைத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்தார்கள். அன்றைக்கு முழங்கால் அழுத அழுகையை நாங்கள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கப் போவதில்லை. அடுத்த தெருக்களிலிருந்து வந்து போனில் பிடித்துக்கொண்டு போனார்கள். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடிக்க மறந்து, சுவரில் சாய்ந்து, கச்சேரி கேட்பது போலக் கேட்டார்கள், நடுவில் டீ வந்தது, குடித்தார்கள். தெருவில் யார் செத்தாலும் முதல் குரல் எடுக்கிற மைனி, தன் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து, நாடியில் கையை வைத்துக்கொண்டு, தானும் கேட்டாள். சாயங்காலம் எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு, ஒரு மத்தியானம் மைனி வந்து வடிவின் கட்டிலில் உட்கார்ந்தாள். சங்கரவேலு கரண்ட் பில் கட்டப் போயிருந்தார்.

"வடிவு, நான் அவுகளுக்கு அழவே இல்லட்டி."

வடிவு திரும்பினாள்.

"உன் முட்டு அழுதுச்சி. நல்லா அழுதுச்சி, குத்தம் சொல்ல முடியாது. நான் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். இப்ப அழலாம்னு உக்காந்தா ஒன்னும் வர மாட்டேங்குது. அவுக சட்டை கொடியில கெடக்கு. அதப் பாத்தா துணியாத்தான் தெரியுது. சோத்தப் பாத்தா பசிக்கல. வெடிஞ்சா வெடிஞ்சிட்டாங்குது. உள்ள யாரோ லைட்ட அமத்திட்டுப் போயிட்டாப்பல."

"அப்படித்தான் மைனி இருக்கும்," என்றாள் வடிவு.

மைனி அவளை உற்றுப் பார்த்தாள். "உனக்கு இப்படித்தான் இருக்காட்டி? இத்தன நாளும்?"

"ஆமா."

"யாரும் சாவாமயா?"

"யாரும் சாவாமத்தான்."

மைனி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். அழுகைக்காக இல்லை, அழுகைதான் வரவில்லையே, சொல்ல வந்தது எதுவோ தப்பாக வெளியே வந்துவிடக் கூடாது என்று. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அத எடுத்துப் போட்டுருட்டி."

"எனக்குள்ள அழுவுறது அது ஒன்னுதான் மைனி. அதையும் எடுத்துட்டா நான் என்னத்துக்கு மிச்சம்? வெறும் கட்டைதான?"

"எனக்குத் தெரியல. ஆனா அது அழுவுற வரைக்கும் நீ அழ மாட்ட. இந்தத் தெருவுல ஒருத்தியும் இனி அழ மாட்டா. எல்லாரும் உன் முட்ட நம்பி உக்காந்திருப்போம்." மைனி எழுந்தாள். வாசலில் நின்று, "இனிமே நான் வர மாட்டேன், படியேறத் தெம்பில்ல. முடிஞ்சா நீ வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வடிவு மைனி சொன்னதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நாள் கணக்காகப் படுத்திருந்தாள். மைனி வெளியே போன கதவைப் பார்ப்பாள், மைனி வீட்டுப் பக்கம் இருக்கிற சுவரைப் பார்ப்பாள், சுவருக்கு அந்தப் பக்கம் மைனி இதே மாதிரி படுத்திருப்பாள் என்று நினைப்பாள். எழுந்து போகலாம் என்று நினைத்துக் காலைத் தரையில் வைத்தால் முழங்கால் எடுத்துவிடும், தெருவே அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கும், மைனிக்கும் கேட்கும். வைத்த காலை மறுபடியும் கட்டிலில் தூக்கிப் போட்டுக்கொள்வாள். இப்படியே போய் ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவிடம், கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.

"ஒரு எடம் இருக்கும்மா. மைனி வீட்டுக்குப் போணும்."

"அது எங்க இருக்கு?"

"அடுத்த வீடு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சத்தமில்லாம போகணுமா?" என்று மட்டும் கேட்டார். வடிவு ஆமாம் என்றாள். அது போதும் என்று சொல்லி, மூட்டு டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டு, முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் தொங்கவிட்டார்கள். வடிவு விழித்துத்தான் இருந்தாள். துணிக்கு அந்தப் பக்கம் அறுத்துத் திறந்தபோது முழங்கால் அழத் தொடங்கியது, சேலையும் தோலும் மறைக்காத குரல், இவ்வளவு நாளும் மூடிய பாத்திரத்துக்குள்ளிருந்து வந்தது இப்போது பக்கத்தில் உட்கார்ந்து அழுவது போல வந்தது. நர்சுகளில் ஒருத்தி முகக்கவசத்துக்குள் மூக்கை உறிஞ்சினாள். டாக்டர் ரம்பத்தைக் கேட்டார், சுத்தியலைக் கேட்டார். தச்சுப் பட்டறைச் சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அது இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், ஒரு வரியின் பாதியில் நின்றது. மீதிப் பாதி வருமென்று வடிவு காத்திருந்தாள். வரவில்லை. அப்போது அவளுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. பயமாவது வந்ததே என்றும் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனோம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனோம். காலை மடக்கிக் காட்டச் சொன்னோம், கொஞ்சம்தான் மடங்கியது, சத்தமில்லை. எங்களுக்குச் சப்பென்றிருந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. அடுத்து ஒரு சாவு விழுந்தபோது யாரும் ஆட்டோ அனுப்பவில்லை. முதல் குரல் எடுக்கிற பழக்கம் எல்லாருக்கும் விட்டுப்போய், போனில் பிடித்து வைத்திருந்ததைப் போட்டுக் கேட்டோம், கரகரவென்று இருந்தது, நிறுத்திவிட்டோம்.

டாக்டர் சொன்ன வலி சொன்னபடியே வந்தது. கிரேஸ்லின் என்கிற பயிற்சிக்காரப் பெண் தினமும் காலையில் ஸ்கூட்டரில் வருவாள், மடக்குங்கம்மா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பாள். முதலில் வடிவு மடக்கினாள். பிறகு நாளைக்கு என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிற முட்டும் போய், நடக்க வேண்டும் என்று எங்கிருந்தோ பிடித்து வந்த ஆசையும் கைநழுவி, மைனி வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது, வாக்கர் கட்டில் காலில் சாத்திக் கிடந்தது. உள்ளே மூட்டு இறுகிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் கால் கம்பு மாதிரி ஆகிவிடும் என்று கிரேஸ்லின் சொல்லிவிட்டாள். சங்கரவேலு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டார்.

அன்றைக்குக் கிரேஸ்லின் விடவில்லை. வடிவைக் குப்புறப் படுக்க வைத்து, கணுக்காலைத் தோளில் தாங்கி, "மன்னிச்சிருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அழுத்தினாள். உள்ளே என்னவோ பட்டென்று விட்டது. வடிவு கத்தினாள். அது வலிக் கத்தல்தான், மாடு கத்துகிற மாதிரி, அதில் ராகமும் இல்லை ஒன்றும் இல்லை. கிரேஸ்லின் காலை விட்டுவிட்டாள். கால் விடுபட்ட பிறகும் கத்தல் நிற்கவில்லை. அது உடைந்து, மூச்சு வாங்கி, கட்டைக் குரலில், சளி அடைத்த தொண்டையில், அழுகையாகத் திரும்பியது. வடிவு தன் வாயால் அழுதாள். தாய் செத்தபோது வராதது வந்தது, எதற்கென்று தெரியாததும் வந்தது, தலையணை நனைந்து மெத்தை நனைந்தது.

சங்கரவேலு ஓடி வந்து ஜன்னலைச் சாத்தினார். அந்த அழுகையில் ஒரு அழகும் இல்லை, அதனால் நாங்கள் கூட ஏதோ வலி என்று விட்டிருப்போம். மைனிக்கு மட்டும் காது தப்பவில்லை. படியேறத் தெம்பில்லை என்று சொன்னவள், சுவரைப் பிடித்துக்கொண்டு, கொண்டையை அவிழ்த்துக்கொண்டு, அந்த வீட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"யாரு?"

"ஆபரேஷன் வலி மைனி," என்றார் சங்கரவேலு. "வேற ஒன்னுமில்ல."

மைனி அவரைத் தாண்டி உள்ளே பார்த்துக் கேட்டாள். "யாருக்குட்டி அழுவுத?"

வடிவு தலையைத் தூக்கினாள். மூக்கும் வாயும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"எனக்குத்தான் மைனி."

உயிரோடு இருக்கிறவளுக்கு ஒப்பாரி வைப்பது ஆகாது. அது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மைனிக்குத் தெரியாமலா இருக்கும். அவள் உள்ளே போய் தரையில் உட்கார்ந்தாள், கிரேஸ்லினைப் பார்த்து இவளை இறக்கி விடு தாயி என்றாள், வடிவைக் கட்டிலிலிருந்து இறக்கி, நீட்டிய காலை நீட்டியபடியே வைத்து, தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்டி, பெயர் சொல்லித் தொடங்கினாள். என் வடிவே என்றாள். ஊருக்கெல்லாம் சோறு போட்டியே, ஒருத்தரும் உனக்கு ஒரு வாய் ஊட்டலையே என்றாள். நீ ஒருத்தியா கெடந்தியே, சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேனே என்றாள். பாதியில் பாட்டு பிச்சையாவிடம் போயிற்று, அரைக் கன்னம் மழித்தபடியே போனீகளே என்று போயிற்று, மறுபடி வடிவிடம் வந்தது. ரெண்டு பேரும் ஆடி ஆடி அழுதார்கள். நாங்கள் அடுப்பை அணைத்தோம். பெண்கள் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு போய் வாசலில் நின்றார்கள். யாரு என்று ஒருத்தி கேட்டாள். வடிவுக்கு என்று உள்ளிருந்து வந்தது. கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு ஒவ்வொருவராக உள்ளே போய் உட்கார்ந்து தோளைக் கோர்த்துக்கொண்டார்கள்.

இதனால் வடிவுக்கு மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மாத்திரை இன்றும் போடுகிறாள். சில காலைகளில் காலை மடக்குகிறாள், சில காலைகளில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள், அப்போது மைனி வந்து கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்ல வந்தது அன்றைக்கு வாசலில் நடந்தது.

பெண்கள் உள்ளே போனதும் நாங்கள் ஆண்கள் செய்ய ஒன்றும் இல்லாமல், பழக்கத்தில் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே போட்டோம். போட்ட பிறகுதான், யார் வீட்டு முன்னால் போடுகிறோம் என்று உறைத்தது. சங்கரவேலு வாசலில் நின்றிருந்தார். நான்தான் முன்னால் நின்றேன். அவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், என்ன சொல்லப் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் உதடு 'வேற ஒன்னுமில்ல' என்று தொடங்கக் கூடச் செய்தது. பிறகு மூடிக்கொண்டார். அப்புறம், டிப்போவில் கிரீஸ் ஏறிக் கறுத்துப்போன அந்த ரெண்டு கைகளையும் எனக்கு முன்னால் நீட்டினார்.

நான் தொட்டேன்.